ஹரிப்ரியா வண்டியின் பிரேக் ரப்பர்

சைக்கிளை சர்வீசுக்கு விடுவதில் ஒரு மனுசனுக்கு என்ன பயம் இருக்க முடியும் என்று கேட்பீர்கள். எனக்கு இருந்தது. சுபஹான் பாய் கடை எட்டு மாதம் மூடிக் கிடந்தது. நெஞ்சில் ஆபரேஷன் ஆகி, முட்டுக்காட்டில் மகன் வீட்டில் படுத்திருந்தார். தெருவே அவர் சீக்கிரம் எழுந்து வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டது. நானும் வாயால் அப்படித்தான் சொன்னேன். மனசுக்குள், மெதுவாக வரட்டுமே, இப்போது என்ன அவசரம் என்றிருந்தது. நான் எப்பேர்ப்பட்ட பயல் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாய் வெள்ளிக்கிழமை கடையைத் திறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பார்வதம் ஆரம்பித்துவிட்டாள். அவள் என் பெண்டாட்டி. ஒன்றைச் சொன்னால் அது நடக்கிறவரை விடமாட்டாள்.

"மூணு வண்டியும் கொண்டுபோய் வுட்டுட்டு வாய்யா. செயின்ல எண்ணெ காட்டி ஒரு வருசம் ஆச்சு. என் வண்டி மிதிச்சா மாடு கத்தற மாரி கத்துது. இவ வண்டிய சரி பண்ணி என் தங்கச்சி பொண்ணுக்கு குடுத்துடலாம். கண்ணுல பட்டாலே வயிறு எரியுது எனக்கு."

'இவ' என்றது எங்கள் மகள் ஹரிப்ரியாவை. பதினாறு வயது. கூடத்துக் கட்டிலில்தான் படுக்கை. இடுப்பெலும்பு உடைந்து, இரண்டு ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போய் வருவாள். இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் போன மாதம் சொல்லிவிட்டார். தலையிலும் அடி. விபத்துக்கு முந்தின இரண்டு மூன்று வாரம் அவளுக்கு முழுசாக நினைவில் இல்லை.

நான் செருப்பு மாட்டும்போது அவள் மெதுவாகக் கூப்பிட்டாள்.

"ப்பா. பாய்கிட்ட கேக்கறியா? நான் அன்னிக்கு ரப்பர் போட்டேனா இல்லியான்னு. அவுருக்கு தெரியும் இல்ல?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பார்வதம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தது.

"கேக்கறேம்மா" என்றேன்.

பாயிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பதில் எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை கல்பாக்கத்தில். பம்ப் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். வீடு திருக்கழுக்குன்றத்தில். தினமும் விடிகாலையில் சைக்கிளில் ஸ்டாஃப் பஸ் நிற்கிற இடம் வரை போய், வண்டியைப் பூட்டிவிட்டு பஸ் ஏறுவேன். போன ஆகஸ்டில் ஹரிப்ரியா பிரேக் பிடிக்கவில்லை என்றாள். பாய் கடையில் புது ரப்பர் போட்டுக்கொள் என்றேன். போட்டுக்கொண்டு வந்து, "போட்டுட்டேன்ப்பா" என்று சொல்லவும் சொன்னாள். அந்த வாரமே பாய்க்கு நெஞ்சு வலி, கடை மூடியாயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் அருகே என் வண்டியில் பிரேக் சுத்தமாகப் போய்விட்டது. ஒரு பூக்காரம்மாவின் கூடையில் முட்டி, அந்தம்மா என் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். பாய் கடை இல்லை. மறுநாள் சனிக்கிழமை எனக்கு டியூட்டி, ஆறு பத்துக்கு பஸ். வாசலில் ஹரிப்ரியாவின் வண்டி நின்றது. புது ரப்பர். இரண்டும் ஒரே கம்பெனி வண்டி, ஒரே அளவு. காலையில் எழுந்து ஸ்பேனரை எடுத்து நட்டோடு கழற்றி என் வண்டியில் மாட்டிக்கொண்டேன். கால் மணி நேர வேலை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஓடுகிற பம்புக்கு உதிரி இல்லையென்றால், சும்மா நிற்கிற பம்பிலிருந்து கழற்றி மாட்டி ஓட்டுவோம். ஆனால் கழற்றின கையோடு அந்தப் பம்பின் கழுத்தில் ஒரு சிவப்பு அட்டை கட்டிவிட வேண்டும். 'ஓட்டாதே' என்று எழுதி, கழற்றியவன் பேர், தேதி, கையெழுத்து. அட்டை கட்டாமல் ஒருத்தன் டீ குடிக்கப் போய்விட்டால் நான் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவேன். "ஒரு அட்டை கட்ட துப்பு இல்ல, நீயெல்லாம் இன்னாத்துக்குடா ஸ்பேனர புடிக்கற?" என்று கத்தியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

அன்று என் வீட்டு வாசலில் நான் எதையும் கட்டவில்லை. ஒரு காலண்டர் தாள் போதுமே. பார்வதத்தைத் தட்டி, 'பாப்பா வண்டிய எடுக்க வேணாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமே. தூக்கத்தைக் கெடுப்பானேன் என்று போய்விட்டேன். சனிக்கிழமை ஸ்கூல் லீவு என்று என் நினைப்பு. ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று வியாழக்கிழமையே என்னிடம் சொல்லியிருந்தாளாம். சொன்னாள்தான். நான் போனைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டினேன்.

அது மட்டுமில்லை. நானே எப்போதோ வாங்கிப் போட்டு மொட்டையாகத் தேய்ந்த என் ரப்பரை அவள் வண்டியில் மாட்டி வைத்துவிட்டுப் போனேன். இடம் காலியாக இருந்தால் நட்டு தொலைந்துவிடுமாம். காலியாக விட்டிருந்தால் வாசலிலேயே பிரேக்கை அழுத்தியதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். தொழில் சுத்தம்! அந்தச் சுத்தத்தில் இடி விழ.

மலையடியிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்குகிற சரிவு. மாமல்லபுரம் போகிற ஒரு டூரிஸ்ட் வேன். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் சொல்கிற நிலைமை இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. அப்புறம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அவள் வண்டி திரும்பி வந்தது. பார்வதம் குனிந்து அந்த ரப்பரை விரலால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. "புது ரப்பர் போட்டேன்னு சொன்னாளே? இன்னா பொய் பாத்தியா! கடைக்கு போறேன்னுட்டு எங்க சுத்திட்டு வந்தாளோ. பிரேக் இருந்திருந்தா என் பொண்ணு இப்டி கெடப்பாளா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்தினேன்.

அதிலிருந்து எட்டு மாதம். பார்வதம் மகளுக்கு எல்லாம் செய்வாள். குளிப்பாட்டுவாள், தலை வாருவாள், சோறு கொண்டு வந்து வைப்பாள். ஆனால் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். பேசினால் ஒரே பேச்சு: "ஒரு பொய்யால வாழ்க்கையே போச்சு." ஆரம்பத்தில் ஹரிப்ரியா சண்டை போட்டாள், "நான் போட்டேம்மா, சத்தியமா போட்டேன்" என்று. அப்புறம் "போட்டதா ஞாபகம்" என்றாள். இப்போது, "தெரிலம்மா" என்கிறாள். தான் பொய் சொன்னோமா என்று தனக்கே தெரியாமல் ஒரு பெண்பிள்ளை படுத்துக் கிடக்கிறாள். பாயிடம் போனில் கேட்கலாம்தான். ஆபரேஷன் ஆன மனுசனிடம் ரப்பரைப் பற்றி எப்படிக் கேட்பது என்று பார்வதத்துக்கு மனசு வரவில்லை. எனக்கு ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது பாய் வந்துவிட்டார்.

முதல் நடையில் பார்வதத்தின் வண்டியையும் ஹரிப்ரியாவின் வண்டியையும் கைக்கொன்றாகப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். என் வண்டியை வேண்டுமென்றேதான் வீட்டில் விட்டேன். அந்த ரப்பர் அதில்தானே இருக்கிறது. ஹரிப்ரியா வண்டியின் முன்சக்கரம் கோணல், ஒவ்வொரு சுற்றுக்கும் ஃபோர்க்கில் உரசி நின்றது. வழியில், மலைக்கோயிலில் சோறு தின்ன வரும் கழுகைப் பார்க்க வந்த, வேட்டி கட்டின ஒரு வெளியூர்க்காரர் மறித்து, "சார், கழுகு எத்தன மணிக்கு வரும்?" என்றார். "அது வந்து எத்தினியோ வருசம் ஆச்சு. நீ வந்துகினியேன்னு இன்னிக்கு ஸ்பெஷலா வருமா? போய்யா!" என்று எரிந்து விழுந்தேன். பாவம், கூட வந்த அவர் வீட்டம்மா பயந்து ஒதுங்கினாள்.

சங்குதீர்த்தக் குளத்துக்குப் பின்னால் பாய் கடை. மனுசர் பாதியாகிவிட்டிருந்தார். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"தீனா! பாப்பாவுக்கு இப்டி ஆச்சாமே. எனக்கு யாருமே சொல்லல, போன வாரந்தான் பையன் சொன்னான். எப்டி கீது?"

"கீது பாய். அப்டியே கீது."

"அல்லா பாத்துக்குவான்" என்று சொல்லிவிட்டு வண்டிகளைப் பார்த்தார். பார்வதத்தின் வண்டியைச் சுற்றி வந்து, "இது இன்னா வண்டியா, பழைய இரும்பா? முழுசா ஓவராயில் பண்ணணும்" என்று சிரித்தார். அப்புறம் ஹரிப்ரியா வண்டிப் பக்கம் குனிந்தார். சிரிப்பு நின்றது. பின்சக்கரத்தைச் சுற்றி பிரேக்கை அழுத்தினார். சக்கரம் பாட்டுக்குச் சுற்றியது.

"இதுக்கு நான் புது ரப்பர் போட்டனே."

நான் பார்வதம் வண்டியின் செயினைத் தொட்டுப் பார்த்தேன்.

"போட்டேன் தீனா. எனக்கு நல்லா ஞாபகம் கீது. நான் படுக்கறதுக்கு மூணு நாள் முந்தி. போட்டதும் கடைக்கு முன்னால ரெண்டு ரவுண்டு ஓட்டி, டக்குனு பிரேக்க புடிச்சு, 'சூப்பரா புடிக்குது பாய்'ன்னு சொல்லிச்சு. அது அப்டி சிரிக்கறத பாத்து எனக்கும் சிரிப்பு வந்துச்சு. பத்து நாள்ல இப்டி மொட்டையாவுமா?"

"தேஞ்சிருக்கும் பாய்" என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

"நான் போட்டதே இது இல்ல. என் கை பட்ட நட்டு மேல பச்ச பெயின்ட்ல ஒரு பொட்டு வெப்பேன். வேற எவனாவது தொட்டா தெரியணும்னு. இதுல எங்க கீது பொட்டு?" என்றவர் என்னைப் பார்க்காமல் கையைத் துடைத்தார். "உன் வண்டி எங்க?"

"வூட்ல கீது."

"எடுத்துகினு வா."

அந்தப் பொட்டு விஷயம் எனக்குத் தெரியாது. திரும்பி வந்து, வீட்டுக்குள் போகாமல், வாசலில் என் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இருந்தது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, கடுகளவு பச்சை. எட்டு மாதமாக என் காலுக்குக் கீழேயே இருந்திருக்கிறது. கண்ணில் படவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சாவியை எடுத்து ஒரு பொட்டைச் சுரண்டினேன். பாதி போயிற்று, பாதி நட்டின் இடுக்கில் நின்றுகொண்டது. உள்ளே பார்வதத்தின் குரலும் ஹரிப்ரியாவின் குரலும் ஏதோ கேட்டது. என்ன என்று காதில் ஏறவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அது இரைச்சலாகவே கேட்டது. தெருவில் யாரோ வர, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளினேன். மூன்று வண்டியும் இல்லாமல் வாசல் வெறிச்சென்று இருந்தது.

பாய் என் வண்டியைத் தரையில் படுக்கவைத்தார். பச்சைப் பொட்டு மூன்றைப் பார்த்தார். நாலாவதையும் பார்த்தார், அதன் புதுச் சுரண்டலையும் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஆபரேஷன் ஆன நெஞ்சில் கையை வைத்துக்கொண்டதும் எனக்கு உயிரே போயிற்று.

"எப்ப கழட்டின?"

"அன்னிக்கு காலைலதான் பாய். டியூட்டிக்கு நேரமாயிடுச்சுன்னு. அது கிளாசுக்கு போவும்னு தெரியாது பாய். சத்தியமா தெரியாது."

"அதுக்கு சொன்னியா?"

"இல்ல."

"பொண்டாட்டிகிட்ட?"

இல்லையென்று தலையை ஆட்டினேன். அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினேன். பார்வதம் மகளைப் பொய்க்காரி என்பதை, மகளே அதை நம்ப ஆரம்பித்துவிட்டதை, இன்று காலை அவரிடம் கேட்டு வரச் சொன்னதை. சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தேன். நாற்பத்தெட்டு வயசு ஆள், தெருவோரத்தில், மூக்கைச் சிந்திக்கொண்டு.

பாய் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"தப்பு எல்லாருக்கும்தான் வரும், தீனா. அன்னிக்கு நீ பண்ணது தப்பு. அதுக்கப்புறம் எட்டு மாசம் பண்ணதுக்கு எனக்கு பேரு தெரியல" என்றார். "போய் சொல்லிடு. அதோட காலு வராது, பரிச்ச வராது. பேராச்சும் வரட்டும். நானா வந்து உன் வூட்ல வாயத் தொறக்க மாட்டேன், அது உன் வூட்டு சமாச்சாரம். ஆனா அந்தப் பொண்ணு என் எதிர்ல வந்து கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

அவள் எங்கே வரப்போகிறாள், மூன்று தெரு தாண்டி? இந்த நினைப்பு வந்ததும் உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் லேசானது. தூ! என்னை நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டியதுதான். என் மகளால் நடக்க முடியாது என்பதில் நிம்மதி கண்ட அப்பன் நான்.

அந்த அருவருப்புதான் என்னைத் தள்ளியது என்று நினைக்கிறேன். "சொல்லிடறேன் பாய். இப்பவே போய் சொல்லிடறேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஹரிப்ரியா வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார், கோணல் எடுக்க.

வெறுங்கையோடு நடந்தேன். என்ன சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். 'பாப்பா, நீ பொய் சொல்லல. ரப்பர் போட்ட. அத நான்தான் கழட்டினேன்.' அவ்வளவுதான், மூன்று வரி. பார்வதம் என்ன செய்வாள்? அடிப்பாள். அடிக்கட்டும். அம்மா வீட்டுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். போகட்டும். இனிமேல் என் மூஞ்சியில் முழிக்கமாட்டாள். சரி. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான், ஆனால் வாலையாவது பிடிப்போம். வீட்டுத் தெரு திரும்பியதும் நடையை எட்டிப் போட்டேன். நிஜமாகவே சொல்லத்தான் போனேன். இதை நீங்கள் நம்பவேண்டும்.

கதவைத் திறந்தால், பார்வதம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மகளின் தலை அவள் மடியில். தட்டில் இட்லியைப் பிட்டுப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் முகமும் அழுது வீங்கியிருந்தது. ஆனால் பார்வதம் சிரித்தாள். எட்டு மாதத்துக்கு அப்புறம் அவள் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

"வாய்யா, வா! உம் பொண்ணு எல்லாத்தயும் ஒத்துக்கினா. ரப்பர் போடவே இல்லியாம். கடைக்கு போவாம பிரெண்டு வூட்டுக்கு போய் பேசிகினு இருந்துட்டு, போட்டேன்னு சொல்லிட்டாளாம். பயந்துகினு இத்தினி நாளா சொல்லல. சொல்லிட்டா போச்சு! என் கொழந்த மேல எனக்கு இன்னா கோவம்? பொய்தான எனக்கு புடிக்காது" என்று மகள் நெற்றியில் முத்தம் வைத்தாள். "நானும் ஒரு பாவி. எட்டு மாசம் பேசாம இருந்துட்டேனே, கண்ணு."

வாசலில் நான் நட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது கேட்டது இந்தப் பேச்சுதான்.

"இரு, உனுக்கு சட்னி தாளிச்சு எடுத்தாறேன்" என்று பார்வதம் அடுப்படிக்கு ஓடினாள். ஓடினாள் என்றுதான் சொல்லவேண்டும்.

ஹரிப்ரியா என் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கு ஞாபகமே இல்லப்பா. பிரெண்டு வூட்டுக்கு போனேனா தெரில. நீ போனதும் பயம் வந்துடுச்சு. பாய் வந்து போடலன்னு சொல்லிட்டா, அம்மா இனிமே எப்பவுமே பேச மாட்டாங்க இல்ல? அதுக்கு முந்தி நானே சொல்லிட்டா நல்லதுன்னு சொல்லிட்டேன்." அடுப்படிப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "பாய் இன்னா சொன்னாரு?"

மூன்று வரி. நாக்கின் நுனியில் இருந்தது. அடுப்படியில் கடுகு வெடித்தது. பார்வதம் தனக்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். மகளின் கண் என் வாயையே பார்த்தது. அந்தக் கண்ணில் 'போட்ட'ன்னு கேட்கிற ஆசை இருந்ததா, பயம் இருந்ததா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆசைதான் என்று சில நாள் தோன்றுகிறது. அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை.

"போடலன்னு சொன்னாரும்மா" என்றேன்.

ஞாபகம் இல்லையாம் என்றுகூட நான் சொல்லியிருக்கலாம். அதுகூட வரவில்லை எனக்கு.

ஹரிப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள். நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பாடா. அப்போ இன்னிக்கு அம்மாகிட்ட நான் பொய் சொல்லலப்பா."